மிதிவண்டி முதல் மின்வலை வரை

மலேசிய நாட்டின் சைபர் பாதுகாப்புச் சட்டம், 854 ஆம் எண்ணைப் பெற்றது, 2024 ஆகஸ்ட் 26 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் உயிர்நாடியாக விளங்கும் கணினி அமைப்புகள் எந்தெந்தத் துறைகளைச் சார்ந்தவை என அச்சட்டம் 11 துறைகளை வகுத்துக் கூறுகின்றது. அரசாங்கம், வங்கி, போக்குவரத்து, தற்காப்பு, மருத்துவம், நீர், எரிசக்தி முதலியவற்றோடு வேளாண்மையும் தோட்டத் தொழிலும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளன. கிள்ளான் வட்டாரத் தமிழர் வரலாற்றை அறிந்தோர் தோட்டத் தொழில் என்னும் அச்சொல்லைக் கண்டவுடன் சற்றே நின்று செல்வர். ஏனெனில், தோட்டத்தைக் காப்பதற்கென்றும் நாட்டைக் காப்பதற்கென்றும் சொல்லி மக்களின் பேச்சுக்கு எல்லை கட்டிய முயற்சி இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று.

இத்தகைய சட்டம் வேண்டுமா, வேண்டாவா என்பது இங்கு வினாவன்று. 2017 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசிக் கணக்குகளின் விவரங்கள் வெளியே கசிந்த செய்தி நாட்டையே உலுக்கியது. 2025 மார்ச் மாதம் விமான நிலையங்களை நிருவகிக்கும் நிறுவனத்தின் கணினி அமைப்பைத் தாக்கியோர் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டு மிரட்டினர். பிரதமர் அன்வார் இப்ராகிம் தர மறுத்துவிட்டதாக அறிவித்தார். ஓய்வூதியப் பணத்தைத் தொலைபேசி மோசடிக்காரரிடம் பறிகொடுத்த முதியோர் ஒருவரையேனும் அறியாத குடியிருப்பு இன்று அரிது. ஆகவே காவல் தேவை. காவலுக்கெனக் கட்டப்படும் வேலி எத்துணை அகலமானது, அது யாரையெல்லாம் உள்ளடக்கும் என்பதே கவலைக்குரியது. இக்கவலையின் வேரைக் காண வேண்டுமாயின், இணையம் என்னும் சொல்லே பிறவாத காலத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

கிள்ளான் நகரிலிருந்து வடக்கே மேரு, காப்பார் எனச் செல்லும் சாலைகளின் இருமருங்கும் ஒரு காலத்தில் இரப்பர் மரங்களே நின்றன. இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ள அந்நிலத்தில், தோட்டத்துக்குத் தோட்டம் ஒவ்வொரு சிறு அரசு நடந்தது. துரை, கிராணி, கங்காணி என அடுக்கடுக்காய் அதிகாரம் அமைந்திருந்தது. லயத்தில் குடியிருந்த தொழிலாளியைப் பார்க்க உறவினரே வந்தாலும், துரைமாரின் கண்ணுக்குத் தோட்டத்தில் அத்துமீறி நுழைந்தவராகவே தெரிந்தனர். அத்தகைய இடத்தில் செய்தி பரவியது இரண்டு வழிகளில். ஒன்று, எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட நாளேடு. 1924 இல் தொடங்கப்பெற்ற தமிழ் நேசன் அவ்வாறு படிக்கப்பட்ட ஏடுகளுள் தலையாயது. மற்றொன்று மிதிவண்டி. மாலையில் ஒரு தோட்டத்தில் பேசப்பட்ட சொல் மறுநாள் காலை அடுத்த தோட்டத்துப் பெரட்டுக்களத்தை அடைந்துவிடும்.

1941 ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் இவ்விரண்டு வழிகளையும் கொண்டே வளர்ந்தது. அதனை முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் தலைவர்களுள் முதன்மையானவர் ஆர். எச். நாதன், அவர் தமிழ் நேசனின் துணையாசிரியராய்ப் பணியாற்றியவர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. உலகப்போரின் பயனாய் இரப்பர் விலை ஏறியிருக்க, தமிழ்த் தொழிலாளியின் கூலி மட்டும் சீனத் தொழிலாளியின் கூலிக்குக் கீழே தங்கியிருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் நடந்த முதற்கட்டப் போராட்டத்தால் சிறிது கூலி உயர்வு கிட்டிற்று. அதன்பின் எழுந்த இரண்டாம் கட்டமே வரலாற்றில் நிலைத்தது.

அப்போது தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை இன்று படிப்போர் வியப்படைவர். சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடத்தலை நிறுத்துதல் ஆகியவை எதிர்பார்க்கத்தக்கனவே. ஆனால் அதே பட்டியலில் பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் கேட்கப்பட்டன. உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை கேட்கப்பட்டது. துரையும் கிராணியும் எதிர்ப்படுங்கால் மிதிவண்டியினின்றும் இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் எனவும் கேட்கப்பட்டது. கல்வி மறுக்கப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளர், கூலியோடு ஒரே தாளில் பேச்சுரிமையை எழுதி வைத்தனர். மிதிவண்டியை விட்டு இறங்க மறுப்பது மானம் பற்றிய கோரிக்கை மட்டுமன்று. ஒருவன் தன் செய்தியோடு தன் வழியே போவதற்கு இன்னொருவனின் இசைவு தேவையில்லை என்பதும் அதனுள் அடங்கும்.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வேலையை நிறுத்தின. மே மாத நடுவில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படையினர் வந்தனர், துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் மீது திறந்த நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி, அவர் சொன்ன எந்தச் சொல் எந்த விதியை மீறியது என்று மெய்ப்பிக்க வேண்டிய கடமை ஆட்சியாளருக்கு இருக்கவில்லை. நாடுகடத்தும் சட்டம் அத்துணை அகலமாக இருந்தது. போர்க்காலத்தில் இரப்பர் உற்பத்தி தடைப்படக் கூடாது என்பதே ஆட்சியினர் கூறிய காரணம். பாதுகாப்பு என்னும் அச்சொல் அன்றும் ஓரளவுக்கு உண்மையே. ஏழு திங்கள் கழியுமுன் சப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். ஆயினும், பேச்சுரிமை கேட்ட தொழிலாளிக்கும் சப்பானியப் படைக்கும் என்ன தொடர்பு என்ற வினாவை அன்று எழுப்ப இடமில்லாமற் போயிற்று.

போருக்குப் பின் 1948 இல் ஆங்கில ஆட்சியினர் நிந்தனைச் சட்டத்தை இயற்றினர். ஆட்சியின்மீது வெறுப்பை உண்டாக்கும் போக்கும், இனங்களுக்கிடையே பகைமை உணர்வையும் தீய எண்ணத்தையும் வளர்க்கும் போக்கும் அதனால் குற்றமாயின. கூர்ந்து நோக்கத்தக்க சொல் 'போக்கு' என்பது. ஒருவர் உண்மையில் என்ன கருதிச் சொன்னார் என்பது பொருட்டன்று என அச்சட்டம் வெளிப்படையாகவே கூறிற்று. அதே ஆண்டில் அச்சகங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டமும் வந்தது. நாடு 1957 இல் விடுதலை பெற்றது. இவை இரண்டும் ஆட்சியினரோடு கப்பலேறிச் செல்லவில்லை. நிந்தனைச் சட்டம் 1969 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் மேலும் விரிவாக்கப்பட்டது. அச்சகச் சட்டம் 1984 இல் அச்சக, பதிப்பகச் சட்டமாய்ப் புது வடிவம் பெற்றது. நாளேட்டு உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாக இருந்தது. 1987 ஆம் ஆண்டுத் திருத்தமோ, உரிமம் பற்றிய அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் வினவ இயலாது என்றாக்கியது.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஓர் இலக்கணச் செய்தி நினைவுக்கு வருதல் இயல்பே. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் மயங்கவைத்தல் என்பதனையும் ஒன்றாய் எண்ணினார். தருக்க நூலார் வரையறைக்கு நேரும் குற்றங்களைக் கூறுங்கால் அதிவியாப்தி என ஒன்றனைச் சுட்டினர். சொல்ல வந்த பொருளைக் கடந்து சொல்லவராத பொருள்களையும் வரையறை தழுவிக்கொள்ளுமாயின் அஃது அக்குற்றத்தின்பாற் படும். கொம்புடையது பசு என்று ஒரு மாணவன் எழுதினால், எருமையும் மானும் தொழுவத்துக்குள் வந்துவிடுகின்றன. ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடிட்டுத் திருத்திவிடுவார். சட்டத்தில் அக்குற்றம் நேரும்போது தொழுவத்துக்குள் வந்து சேர்வது மனிதர்.

1987 அக்டோபர் 27 அன்று தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டனர். மக்கள் 'இசா' என்றழைத்த அச்சட்டம் 1960 இல் கம்யூனிஸ்டு ஆயுதப் போராட்டத்தை எதிர்கொள்வதற்கெனக் கொண்டுவரப்பட்டது. பிடிபட்டவருள் ஆசிரியரும் சமயத் தொண்டரும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் நாடாளுமன்ற உறுப்பினரும் இருந்தனர். தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய ஏடுகளின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. தமிழ் ஏடுகள் மூடப்படவில்லை. ஆனால் ஆண்டு முடிவில் உரிமம் புதுப்பிக்கப்படுமா என்ற வினா எல்லா ஆசிரியர் மேசைகளின் மேலும் ஒன்றுபோல் கிடந்தது.

இந்நிலையில்தான் இணையம் வந்தது. அதன் வருகையோடு நாட்டு வரலாற்றில் ஓர் எதிர்பாராத வாக்குறுதியும் வந்தது. 1996 இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கிய பிரதமர் மகாதீரின் அரசு, உலக நிறுவனங்களை ஈர்க்கும் பொருட்டுப் பத்து உறுதிமொழிகளை அளித்தது. அவற்றுள் ஒன்று, இணையம் தணிக்கை செய்யப்படமாட்டாது என்பது. 1998 ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3 ஆம் பிரிவிலும் அவ்வுறுதி எழுத்தில் பொறிக்கப்பட்டது. இச்சட்டத்திலுள்ள எதனையும் இணையத் தணிக்கைக்கு இடந்தருவதாகக் கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. முதலீட்டாளருக்காகத் திறந்த கதவு மக்களுக்கும் திறந்தே இருந்தது. 1999 நவம்பரில் அச்சக உரிமம் ஏதுமின்றி மலேசியாகினி இணைய ஏடு தோன்றியது அவ்வழியாகவே.

ஆயின் அதே சட்டத்தின் 233 ஆம் பிரிவு வேறொரு குரலில் பேசிற்று. ஆபாசமான, அநாகரிகமான, பொய்யான, அச்சுறுத்தும் தன்மையுடைய, அல்லது மனத்தைப் புண்படுத்தும் தன்மையுடைய செய்தியை, பிறரை எரிச்சலூட்டவோ இழிவுபடுத்தவோ மிரட்டவோ தொல்லைப்படுத்தவோ கருதி அனுப்புதல் குற்றம் என்றது. தண்டனை 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மிரட்டல் எது என்று அறிவது அரிதன்று. எரிச்சல் எது? தவற்றைச் சுட்டிய ஆசிரியரின் சொல் மாணவனுக்கு எரிச்சலே. கணக்குக் கேட்கும் உறுப்பினரின் கேள்வி சங்கத் தலைவருக்கு எரிச்சலே. கேட்கக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் பண்பை வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்துள் வேந்தனுக்குரியதாக வைத்தார். அக்கசப்பை உண்டாக்கியவனைப் பிடித்துவர அவர் ஆணை எதனையும் வகுக்கவில்லை. ஒரே சட்டத்தின் 3 ஆம் பிரிவும் 233 ஆம் பிரிவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் நாணும் நிலையில் கால் நூற்றாண்டுக்கு மேல் அருகருகே வாழ்ந்தன.

அகன்ற சட்டமும் புதிய ஊடகமும் தமிழர் வாழ்வில் ஒருங்கே மோதிய ஆண்டு 2007. அதற்கும் கிள்ளானே களமாயிற்று. இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பு நாளேடுகளில் வந்ததைக் காட்டிலும் குறுஞ்செய்திகளிலும் இணையத்திலும் கோயில் வாயில்களிலுமே பரவியது. நவம்பர் 16 அன்று பத்தாங் பெர்ஜுந்தையில் ஆற்றிய உரைகளுக்காக அதன் தலைவர்களான பொ. உதயகுமார், பொ. வேதமூர்த்தி, வீ. கணபதிராவ் ஆகிய மூவர் மீது நவம்பர் 23 அன்று கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிந்தனைச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டது. கோலாலம்பூரில் ஆயிரமாயிரம் மக்கள் திரண்ட பேரணி நவம்பர் 25 ஆம் நாள் நிகழ்ந்தது. அதற்கு மறுநாள் கிள்ளான் நீதிமன்றம் மூவரையும் வழக்கிலிருந்து விடுவித்தது. அது முழு விடுதலையன்று, மீண்டும் குற்றஞ்சாட்ட இடந்தரும் விடுவிப்பு. பேச்சு நிகழ்ந்த மொழி தமிழ். குற்றப்பத்திரத்தில் அத்தமிழ்ப் பேச்சின் மூலம் முறையாக இடம்பெறவில்லை என்பதே அங்கு எழுந்த சிக்கல். எந்தச் சொல் குற்றம் என்று கூற வந்த சட்டம், அச்சொல்லையே முன்வைக்க இயலாது நின்றது. மொழி பயிற்றுவோர் நினைவில் கொள்ளவேண்டிய வழக்கு அது. ஒரு சொல்லின் போக்கு யாது என்பதை முடிவு செய்யுமுன் அச்சொல் யாது என்பதை அறிதல் வேண்டும் என்னும் எளிய நெறியை அந்நீதிமன்றம் காத்தது.

அந்நெறிக்குக் கட்டுப்படாத சட்டம் வேறொன்று இருந்தது. டிசம்பர் 13 அன்று உதயகுமார், கணபதிராவ், எம். மனோகரன், ஆர். கெங்காதரன், டி. வசந்தகுமார் ஆகிய ஐவரும் இசா சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். அதற்கு மூலமும் தேவையில்லை, மொழிபெயர்ப்பும் தேவையில்லை. 2008 மார்ச் 8 ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில், கமுந்திங் முகாமில் இருந்தபடியே மனோகரன் கிள்ளானிலுள்ள கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வெற்றி பெற்றார். 1941 இல் நாதனை இழந்த கிள்ளான், 67 ஆண்டுகள் கழித்து முகாமில் இருந்த ஒருவரைத் தன் பேராளராக்கியது. அத்தேர்தலில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்த பிரதமர் அப்துல்லா அகமது படாவி, இணையத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட்டதே தம் தரப்பின் பெரும்பிழை எனப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அதே காலத்தில் மக்கள் ஓசை நாளேட்டுக்கு நேர்ந்ததையும் சேர்த்தெண்ணுதல் தகும். 2007 ஆகஸ்டில் இயேசுபிரானின் படமொன்றைத் தகாத முறையில் வெளியிட்டதற்காக அவ்வேடு ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. படம் வெளியிட்டது பிழையே. ஏடும் வருத்தம் தெரிவித்தது. ஆயினும் ஒரு படத்துக்காக ஒரு மாதச் செய்தி முழுவதையும் வாசகரிடமிருந்து நிறுத்துவது அளவுக்குரிய தண்டனையாகாது. 2008 ஏப்ரலிலோ அதன் உரிமம் புதுப்பிக்கப்படாமற் போயிற்று. எதிர்ப்புகள் எழ, சில நாள்களுள் அம்முடிவு மாற்றப்பட்டது. தமிழேட்டின் மூச்சு ஓர் அமைச்சகக் கோப்பில் இருந்ததை வாசகர் அறிந்தனர். இணையச் செய்தித்தளங்களை நோக்கித் தமிழர் திரும்பியதற்கு இந்நிகழ்வுகளும் காரணம் எனலாம். ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் முறை 2012 இல் நீக்கப்பட்டது. இசா சட்டமும் அவ்வாண்டே நீங்கியது.

அச்சுக்கு இருந்த பூட்டு தளர்ந்த அதே 2012 இல் இணையத்துக்குப் புதுப் பூட்டு வந்ததுதான் வேடிக்கை. சாட்சியச் சட்டத்தில் 114அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு ஜூலை 31 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு தளத்தின் உரிமையாளர், அல்லது ஓர் இணையத் தொடர்பின் சந்தாதாரர், அதன்வழி வெளிவந்ததை வெளியிட்டவராகவே கருதப்படுவார். அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. ஆகஸ்ட் 14 அன்று பல இணையத்தளங்கள் தம் முகப்பைக் கருப்பாக்கி எதிர்ப்புக் காட்டின. பிரிவு நீங்கவில்லை. 2021 பிப்ரவரி 19 அன்று, வாசகர் ஐவர் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் புரிந்ததாகக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து 5 இலட்சம் வெள்ளி அபராதம் விதித்தபோது, 114அ பிரிவின் நீளம் நாட்டுக்குப் புரிந்தது. அத்தொகையை வாசகர்கள் சில மணி நேரத்துள் திரட்டிக் கொடுத்தனர்.

பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தின் கதை சிறியது. 2018 பொதுத்தேர்தலுக்குச் சற்று முன் விரைந்து நிறைவேற்றப்பட்ட அச்சட்டம், ஆறாண்டு வரை சிறையும் 5 இலட்சம் வெள்ளி வரை அபராதமும் வகுத்தது. முதன்முதல் தண்டிக்கப்பட்டவர் தேர்தலைக் குலைக்க வந்த சதிகாரரல்லர். காவல்துறை தாமதமாக வந்தது என்று காணொளியில் குறைகூறிய ஓர் அயல்நாட்டுப் பயணி. ஆட்சி மாறிய பின் மக்களவை அதை நீக்க முனைய, மேலவை முதலில் மறுத்து, 2019 இறுதியில் ஒருவாறு இசைந்தது. 2021 மார்ச்சில் கொவிட் தொற்றின் பெயரால் அவசரகால ஆணையாய் அதே கருத்து மீண்டும் வந்து, அவ்வாண்டின் இறுதியில் மறைந்தது. இயற்றுதற்குச் சில நாள்கள் போதும். நீக்குதற்கு ஆண்டுகள் ஆகும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தாய்த்தமிழகத்துக்கு அண்மையிலும் இதே சொற்கள் சோதனைக்குள்ளாயின. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு, எரிச்சல், வசதிக்குறைவு முதலியவற்றை உண்டாக்கும் செய்திகளைக் குற்றமாக்கியிருந்தது. 2012 இல் புதுச்சேரியில் ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதிய ஓரிரு வரிகளுக்காகக் கைது செய்யப்பட்டார். 2015 மார்ச் 24 அன்று சிரேயா சிங்கல் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிரிவு முழுவதையும் செல்லாதென அறிவித்தது. சொற்கள் எல்லையற்று விரிந்திருத்தலால், குற்றமற்ற பேச்சும் அதனுள் அகப்படும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதிவியாப்தி என்று தருக்க நூலார் சுட்டிய குற்றமே அங்கு சட்டத்தின் மொழியில் கூறப்பட்டது. இலங்கையோ எதிர்த்திசையில் சென்றது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால், இணையத்தில் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது.

இவ்வரலாற்றின் ஒளியில் 2024 ஆம் ஆண்டின் சைபர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தால் நன்மையும் தெரிகின்றது, ஐயமும் எழுகின்றது. 11 துறைகளை அது பெயர் சொல்லி வகுத்தது வரையறைக்கு அழகு. தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துள் அறிவிக்க வேண்டும், ஆண்டுக்கொருமுறை இடர்மதிப்பீடு செய்ய வேண்டும் என்பவை பொறுப்புணர்த்தும் விதிகள். முன்னர்க் கண்ட சட்டங்களை நோக்க, இது பேச்சை நேரே தொடுவதன்று; இதனையும் 233 ஆம் பிரிவையும் ஒரே தட்டில் நிறுத்துவோர் நீதி செய்தவராகார். ஆனால் ஆணையின்றியே நுழைந்து சோதிக்கவும் கணினியில் உள்ள விவரங்களைத் திறக்கச் செய்யவும் அதிகாரிக்கு அளிக்கப்பட்டுள்ள அதிகாரம், அதே கணினியில் செய்தியாளரின் குறிப்பும் வழக்கறிஞரின் கோப்பும் இருக்கக்கூடும் என்பதைக் கருதியதாகத் தெரியவில்லை. சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்கிறது. ஆயின் தவறினால் அவ்வரசுகள் மீது வழக்குத் தொடர இயலாது என்றும் கூறுகின்றது. மக்களின் விவரங்களை மிகுதியாக வைத்திருப்பது யார் என்று எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்விலக்கின் அகலம் விளங்கும்.

அச்சட்டம் தனித்து வரவுமில்லை. 2025 ஜனவரி முதல், நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனரைக் கொண்ட சமூக ஊடகங்களுக்கு உரிமம் தேவை என்றாயிற்று. உரிமம் என்னும் சொல் 1948 ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தை வாசித்தோர்க்குப் பழகிய சொல்லே. 2025 பிப்ரவரியில் 233 ஆம் பிரிவு திருத்தப்பட்டது. மனத்தைப் புண்படுத்தும் என்றிருந்தது, மிகக் கடுமையாகப் புண்படுத்தும் என்று சற்றே குறுகியது. அபராதமோ 50,000 வெள்ளியிலிருந்து 5 இலட்சம் வெள்ளியாகப் பெருகியது. சிறைக்காலம் ஈராண்டாயிற்று. எரிச்சல் என்னும் சொல் அசையாதிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 19 அன்று, தடுப்பு முகாமில் ஏதிலியர் நடத்தப்பட்ட விதத்தைச் சமூக ஊடகத்தில் எழுதிய ஆர்வலர் ஒருவர் தொடுத்த வழக்கில், திருத்தத்துக்கு முந்தைய பிரிவிலிருந்த புண்படுத்தும், எரிச்சலூட்டும் என்னும் இரு சொற்களும் அரசியலமைப்புக்கு முரணானவை என மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அதனை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றத்தை நாடியது.

இணையப் பாதுகாப்புச் சட்டம், 866 ஆம் எண்ணுடையது, 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2026 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. சிறுவரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கும் படங்கள், பண மோசடி, தற்கொலைத் தூண்டல் ஆகியவற்றைத் தளங்களிலிருந்து அகற்றச் செய்வது அதன் நோக்கம். பிள்ளைகளைப் பயிற்றுவிப்போர் எவரும் அதனை வரவேற்பர். தனியார் தம்முள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளை அது தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருப்பதும் நன்றே. ஆனால் 233 ஆம் பிரிவுக்கு அத்தகைய விலக்கு இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு எழுதப்படும் சினச்சொல்லும் அதன் கைக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது.

இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை, தீங்கான உள்ளடக்கம் எவை எனப் பட்டியலிடுகின்றது. சிறுவர் கொடுமை, மோசடி எனத் தெளிவாகத் தொடங்கும் அப்பட்டியலைக் கீழே படித்துச் செல்வோர், பொதுமக்களிடையே தீய எண்ணத்தையோ பகைமை உணர்வையோ வளர்க்கக்கூடிய உள்ளடக்கம் என்னும் தொடரையும் காண்பர். 1948 ஆம் ஆண்டின் நிந்தனைச் சட்டத்தைத் திறந்து அருகே வைத்தால், ஆங்கில ஆட்சியினர் எழுதிய அவ்விரு சொற்களும் அங்கே அவ்வாறே கிடக்கின்றன.